மேட்சும் மூட்டும்



தீப்பெட்டியால் உலகறிந்த மண்ணில் நின்று பேசுகின்றேன். ஆகவே தீக்குச்சியிலிருந்தே தொடங்குகின்றேன். அதிலும் என் பிழையொன்றிலிருந்து.

ஆசிரியப் பணியேற்ற புதிதில், 'மூட்டு' என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'மேட்சு' ஆயிற்று என வகுப்பில் முழங்கினேன். தீ மூட்டுவது மேட்சு. வேறென்ன சான்று வேண்டும்? பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "பந்தாட்ட மேட்சும் மூட்டிலிருந்துதான் வந்ததா, ஐயா?" என்றான். அவனை அமர்த்திவிட்டேன். கேள்வி அமரவில்லை.

அன்றிரவே ஆங்கில அகரமுதலியைப் புரட்டினேன். மேட்சு ஒரு சொல்லன்று, இரு சொற்கள். ஆட்டத்தைக் குறிப்பது பழைய ஆங்கிலத்தில் இணை, ஒத்தவர் என்னும் பொருளில் வழங்கிய சொல். ஒத்தார் இருவர் பொருதுவதே ஆட்டம். தீக்குச்சியைக் குறிப்பதோ பிரெஞ்சிலிருந்து போந்தது. அங்கு அதன் பொருள் விளக்குத்திரி. இன்றும் பிரெஞ்சில் 'மெசு' என்றால் திரிதான். துமுக்கிக்குத் தீயிட மெல்லக் கனலும் கயிற்றையும் முன்னாளில் ஆங்கிலேயர் அப்பெயராற் குறித்தனர். 1827-இல் சான் வாக்கர் என்னும் ஆங்கிலேய மருந்துக் கடையினர் உரசினால் எரியும் குச்சியை விற்கத் தொடங்கினார். பின்னர் அத்தகு குச்சிக்கு 'இலூசிபர்' என்றொரு பெயர் வந்தது. ஒளி கொணர்வது, விடிவெள்ளி என்பது அதன் இலத்தீனப் பொருள். ஆங்கிலத்தில் அப்பெயர் வழக்கு வீழ்ந்தது. தச்சு நாட்டார் இன்றும் தீக்குச்சியை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

பியூசும் அப்படியே. வெடித்திரியைக் குறிப்பது இத்தாலிய மொழியில் நூல் நூற்கும் கதிர். மின்விளக்கு அணையும்போது 'போயிற்று' என்கிறோமே, அந்தப் பியூசு உருக்குதல் என்னும் இலத்தீன வினையின் வழியது. இராக்கெட்டும் நூற்புக் கோலின் பெயரே. வாணத்தின் வடிவு கண்டு, நூற்பவள் கைக்கோலின் பெயரை இட்டனர். அழகிய பெயரீடு!

இதனால் ஆங்கிலத்தில் தமிழ் இல்லை எனக் கருதற்க. நம் சுருட்டும் கட்டுமரமும் அங்கு உள. 'கேசு' என்னும் சொல்லோ அங்கு இரண்டு. தென்னாட்டுச் சிறுகாசைக் குறிப்பது போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்ற நம் காசு. கும்பினியார் சென்னையில் 80 காசு 1 பணம் எனக் கணக்கெழுதியபோது எழுதியது நம் சொல்லே. கைப்பணத்தைக் குறிக்கும் கேசோ, பேழை எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்வழியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி மேடையில் கைதட்டுப் பெறுவோர் உளர். நானும் பெற்றிருக்கிறேன். மாற்றார் ஒருவர் அகரமுதலியை விரித்துவிட்டால், பொய்யான உரிமையோடு மெய்யான உரிமையும் போகுமன்றோ?

நம் வீட்டையும் பார்ப்போம். வத்திப்பெட்டி என்கிறோம். வத்தி, திரியைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. இங்கும் திரியே குச்சியாயிற்று. மத்தாப்பு, பாரசீகத்து நிலவொளி.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தொழில் வெளியிலிருந்து வந்தது. தொழிற்சொற்களையோ இங்குள்ளார் தாமே ஆக்கிக்கொண்டனர். அம்மாணவனின் தாய் தீப்பெட்டித் தொழிலாளி. மறுநாள் அவனை அழைத்து, என் விளக்கம் பிழையென்றேன். அவன் தாய் செய்யும் வேலைகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். கட்டை அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல் என அடுக்கினான். ஏட்டில் எழுதிக்கொண்டேன்.

வேலை செய்யும் இடத்தை மட்டும் 'தீப்பெட்டி ஆபீசு' என்றான். அதனையும் அப்படியே எழுதினேன்.