பனிமலைக்குப் போகுமுன்



பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் சூழ்ந்த திருப்பூரில் வெயிலோடு வளர்கிற பிள்ளைகள், விடுமுறை என்றதும் மலையை நினைப்பது இயல்பே. முன்பு அந்த ஆசை உதகையோடும் கொடைக்கானலோடும் நின்றுவிடும். இன்று நீங்கள் வெண்பனியில் சறுக்கி விளையாட விரும்புகிறீர்கள். இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குகிற ஸ்னோபோர்டு விளையாட்டு, 1960களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. 1998இல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெற்றது. அதற்கு எந்த மலைக்குச் செல்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. ஆயினும் பயணம் புறப்படுகிறவனுக்கும் பொருந்தும். அவற்றுள் இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

“நீலகிரியிலும் பனி பெய்கிறதே, அங்கே சறுக்கலாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். பனி என்ற ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்வது உறைபனி. காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிரில் புல்லின்மேல் படிந்து உறைவதால் அது உண்டாகிறது. வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிறது. சறுக்குவதற்கு வேண்டியதோ, வானிலிருந்து பொழிந்து, அடிக்கணக்கில் குவிந்து, வாரக்கணக்கில் கரையாமல் கிடக்கும் வெண்பனி.

தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். காஷ்மீரத்தின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் அங்கே குவியும் வெண்பனி இங்கே இல்லை. காரணம் என்ன? தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 11 பாகையிலும், குல்மார்க் 34 பாகையிலும் உள்ளன. மேலும், குளிர்காலத்தில் மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் ஈரத்தைச் சுமந்து வந்து இமயத்தில் பனியாகப் பொழிகின்றன. ஆகவே உயரத்தை மட்டும் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்கலாகாது. தேசப்படத்தில் பாகையையும் பார்க்க வேண்டும்.

இமயத்தில் மூன்று இடங்கள் புகழ்பெற்றவை. பழனியில் ரோப் கார் பார்த்திருப்பீர்கள். அதைவிடப் பன்மடங்கு நீண்ட கம்பிவட ஊர்தி குல்மார்க்கிலிருந்து இரண்டு கட்டங்களாக, 3,900 மீட்டருக்கும் மேலே, அபர்வட் மலைக்கு ஏறுகிறது. அங்குள்ள உயர்ந்த சரிவுகள் தேர்ந்தவர்களுக்கே உரியவை. புதியவர் கீழேயுள்ள மென்சரிவுகளில் தொடங்க வேண்டும். உத்தரகண்டத்தின் ஔலியில் 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடைபெற்றன. ஆனால் அதன் அடிவாரமான ஜோஷிமட்டில் 2023இல் நிலம் புதைந்து வீடுகள் வெடித்தன. ஆதலால் பாதை நிலையை விசாரித்த பின்னரே புறப்பட வேண்டும். இமாசலத்தில் மணாலியை அடுத்த சோலாங், பனியை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது.

அடுத்தது காலம். நமது நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. மே மாதத்தில் ஔலியின் சரிவுகளில் பசும்புல்லைத்தான் காண்பீர்கள். ஜனவரியும் பிப்ரவரியுமே சறுக்குவதற்குத் தக்க மாதங்கள். அவையும் பொய்ப்பதுண்டு: 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாள் குல்மார்க்கே பனியின்றி வறண்டு கிடந்தது. பொங்கல் விடுமுறையோ சில நாள்தான். டில்லிக்கு ரயிலில் செல்லவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். எனவே பள்ளி மாணவர்கள் கல்லூரிக் காலம் வரை பொறுத்திருப்பதே நலம் என்பது என் கருத்து. பெற்றோரின் உழைப்பில் சேர்ந்த பணத்தைப் பனியில்லாத மலையில் செலவிடுவானேன்?

மூன்றாவது வலி. திருப்பூர் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கிருந்து செல்லும் உடலுக்கு, மெலிந்த காற்றில் பழகுவதற்கு ஓரிரு நாள் ஓய்வு தேவை. அதனினும் தேவையானவர் ஓர் ஆசான். குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்குக் கல்வி நிலையமும், மணாலியில் மலையேற்றக் கல்வி நிலையமும் உள்ளன. ஸ்னோபோர்டும் கற்பிக்கிறார்களா என்று முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். 2023இலும் 2024இலும் குல்மார்க் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவுகளில் அயல்நாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தனர். வழி தெரிந்த ஆசானும் எச்சரிக்கை அறிவிப்பும் இல்லாமல் எல்லை கடந்து செல்வது வீரமாகாது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்ப் பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சும், எளிதில் உலராது. ஈரப்பருத்தி உடலின் சூட்டைக் களவாடிவிடும். வெயிலுக்கு நண்பனான பனியன் பனிக்கு ஆகாது! உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழையாலான பின்னலாடையை அணியுங்கள். குறை பின்னலில் இல்லை. பின்னலின் கண்ணிகளுக்குள் தங்கும் காற்றே சூட்டைக் காக்கிறது. நாம் மாற்ற வேண்டியது இழையை மட்டுமே.

விளம்பரப் படம் எல்லா மலையையும் அழகாகவே காட்டும். பனி எப்போது நிற்கும், யார் கற்பிப்பார், என் உடலும் பணப்பையும் தாங்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தருகிற மலையே உங்களுக்கு உரிய மலை. அதுவரை, ஒரு ஜனவரி விடியலில் உதகைக்குச் சென்று, புல்நுனியில் உறைந்த பனியைப் பாருங்கள். அது மறைவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். பனியைப் பற்றிய முதற்பாடம் அங்கேயே தொடங்கட்டும்.