ஜெபமும் மாத்திரையும்

(மேடவாக்கத்தில் கூடிவந்த நமது ஆதரவாளர்களிடையே மருத்துவமனையின் மனநலப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊரின் பெயர் சென்னை நகருக்குள் வேறோர் இடத்திலும் உண்டு. அயனாவரம், கீழ்ப்பாக்கம் பக்கத்தில் 'மேடவாக்கம் டேங்க் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. அரசு மனநலக் காப்பகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1794-ம் ஆண்டு தொடங்கப்பட்டு, 1871-ல் இப்போதைய வளாகத்துக்கு வந்த பழைய மருத்துவமனை அது. ஆனால் நம் ஜனங்களோ 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே கேலிப் பேச்சாக்கிவிட்டார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து வைத்தியம் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே வாடுகிறவர்கள் அநேகர்.

நம் விசுவாசக் குடும்பங்களில் அந்த வெட்கத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. "நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால், ஆண்டவர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ?" என்ற பயம்தான் அது. என்னிடம் வருகிறவர்கள் இதை மெதுவான குரலில், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இன்று இந்தக் கேள்வியை உங்கள் எல்லாருக்கும் முன்பாக வெளிப்படையாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, மனச்சோர்வு நோய் என்றால் என்ன?

துக்கம் எல்லாருக்கும் உண்டு. பரீட்சையில் தோற்றால் துக்கம், வீட்டில் ஒருவர் மரித்தால் துக்கம். நாளடைவில் அது குறையும். மனச்சோர்வு நோய் அப்படிப்பட்டதல்ல. 2 வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் இருண்டிருக்கும். பிடித்த காரியத்திலும் பிடிப்பு இராது. தூக்கம் கெடும், அதிகாலையில் விழிப்பு வரும், சாப்பாடு இறங்காது. உடம்பு பாரமாகும், சின்ன வேலையும் மலையாகத் தெரியும். "நான் எதற்கும் உதவாதவள், என்னால் எல்லாருக்கும் தொல்லை" என்ற எண்ணம் விடாமல் அரிக்கும். முடிவில் சாவைப்பற்றிய எண்ணமும் வரும். விசுவாசியாக இருந்தால், "ஜெபிக்க முடியவில்லை, ஆண்டவர் என்னைக் கைவிட்டார்" என்றும் தோன்றும். ஜெபிக்க முடியாமற்போவது இந்த நோயின் அடையாளமாகவே இருக்கக்கூடும். அதை நோய்க்குக் காரணமென்று சொல்லிக் குற்றப்படுத்துவது, காலொடிந்தவனை "நீ நடக்காததால்தான் கால் ஒடிந்தது" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இது அபூர்வமான நோயும் அல்ல. 2015-16-ல் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயதுவந்தவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த நோயால் பாதிக்கப்படுகிறார். உங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு 200 பேர் வந்தால், அவர்களில் சுமார் 10 பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேதம் என்ன காட்டுகிறது?

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்டவர், அதற்குச் சற்றுப் பின்பு வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டுமென்று கேட்டார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவைத்தார். தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம், அங்கேதான் பேச்சு. சரீரத்துக்கு வேண்டியதை முதலாவது கவனித்தவர் தேவனே.

எசேக்கியா ராஜாவின் காரியம் இன்னும் தெளிவானது. அவர் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, 15 வருஷம் ஆயுள் கூட்டப்பட்டது. அந்த வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த ஏசாயாவே, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் வைக்கச் சொன்னார். "ஜெபம் கேட்கப்பட்டாயிற்றே, இனிப் பத்து எதற்கு?" என்று ராஜாவும் கேட்கவில்லை, தீர்க்கதரிசியும் நினைக்கவில்லை. ஒரே கட்டிலில் ஜெபமும் மருந்தும் சந்தித்தன.

பவுல் அப்போஸ்தலனைப் பாருங்கள். எபேசுவில் அவர் சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோட்டும் வியாதிகள் நீங்கின. அதே எபேசுவில் ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கோ, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி கடிதம் எழுதினார். உறுமால் அனுப்பவில்லை. தீமோத்தேயுவின் விசுவாசம் குறைவென்று நாம் சொல்லத் துணிவோமா?

மூன்றாவது, நம் மிஷனெரிகளின் வீடுகளில் நடந்தவை.

வில்லியம் கேரியின் பெயரை அறியாதவர் நம்மில் இல்லை. 1794-ல் வங்காளத்தில் அவருடைய மகன் பீட்டர் 5 வயதில் மரித்தான். அதன்பின் அவருடைய மனைவி டாரதி கடுமையான மனநோய்க்குள்ளானார். 1807-ல் மரிக்கும்வரை அவர் சுகமடையவில்லை. பக்கத்து அறையில் வேதம் இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கொண்டிருந்த வீடு அது. ஜெபம் அங்கே குறைவுபட்டிருக்குமா? மருந்துதான் இல்லை, அந்தக் காலத்தில் எந்தத் தேசத்திலும் இல்லை. இன்று மருந்து இருக்கும்போது அதை மறுப்பது, டாரதி அம்மையாருக்குக் கிடைக்காத ஒன்று நம் கையில் கிடைத்தும் அதைத் தள்ளிவிடுவதாகும்.

அடுத்தவர் ஸ்டான்லி ஜோன்ஸ். 1907-ல் இந்தியாவுக்கு வந்தவர். ஊழியத்தின் ஆரம்ப ஆண்டுகளில் நரம்புத் தளர்ச்சியால் உடைந்துபோய், லக்னோவில் ஜெபத்தின்போது தம் பாரத்தை ஆண்டவரிடம் ஒப்படைத்துச் சுகம் பெற்றதாகச் சாட்சி சொன்னவர். மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அவருக்கே இருந்தது. அவர் செய்ததென்ன? 1950-ல் அதே லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவமனையை உண்டாக்கினார். தமக்குக் கிடைத்த விதத்திலேயே எல்லாருக்கும் சுகம் கிடைக்கவேண்டுமென்று அவர் சட்டம் போடவில்லை. சகோதர சகோதரிகளே, நம் சாட்சிக் கூட்டங்களில் நாம் மறந்துவிடுகிற பாடம் இது.

நம் தமிழ்நாட்டிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. அதை ஆரம்பித்தவர் கனடா தேசத்து மிஷனெரி மருத்துவர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார். நோயாளியைத் தனியே பூட்டிவைக்காமல், குடும்பத்தார் கூடவே தங்கிக் கவனிக்கும் முறை அங்கே வளர்ந்தது. மருந்தும் குடும்பமும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகை அல்லவென்பதை அந்த இடம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காட்டி வருகிறது.

நான்காவது, தாம்பரம் கற்பித்த பாடம்.

இங்கிருந்து பஸ்ஸில் போனால் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால்தான் அந்த ஊருக்கே அந்தப் பெயர். அந்தக் காலத்தில் காசநோயும் சாபமென்றும் குடும்பத்துக்கு அவமானமென்றும் மறைக்கப்பட்டது. மருந்து வந்தது, பேச்சு மாறியது. ஐசோனியாசிட் முதலான மாத்திரைகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டுக் குணமடையலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டிய ஆராய்ச்சியும் நம் சென்னையில் நடந்ததே.

அந்த ஐசோனியாசிடுக்கு நெருங்கிய உறவான இப்ரோனியாசிட் என்ற மருந்தை 1952-ல் நியூயார்க் நகரத்துக் காசநோய் மருத்துவமனை ஒன்றில் கொடுத்தபோது, மருத்துவர்கள் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகமடைந்தார்கள். பசி எடுத்தது, பேச்சு வந்தது. மனச்சோர்வுக்கான மருந்துகளின் கதை அங்கே தொடங்குகிறது. அந்த மருந்து ஈரலைக் கெடுத்ததால் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் வழி திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் இமிப்ரமின் வந்தது. 1980-களின் இறுதியில் ஃப்ளூவாக்ஸெடின் வந்தது. நெஞ்சுக்காகக் கொடுத்த மருந்தே மனதுக்கும் வழிகாட்டியது. நெஞ்சுக்கான மாத்திரையை ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளும் நாம், மனதுக்கான மாத்திரையை மட்டும் ஏன் ஒளித்துவைக்கிறோம்?

இனி, என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருகிறேன்.

எல்லாருக்கும் மாத்திரை வேண்டுமா? வேண்டாம். லேசான சோர்வுக்கு ஆலோசனை, ஒழுங்கான தூக்கம், நடை, ஆறுதலான துணை இவையே போதுமானதாக இருக்கலாம். நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் மாத்திரை உதவும். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடும். அதனால்தான் முதலில் பரிசோதிக்கிறோம்.

இது போதை மாத்திரையா? இல்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் குடியைப்போல வெறியை உண்டாக்குவதில்லை; நாளுக்கு நாள் அதிகம் கேட்பதுமில்லை. ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி, வாய் உலர்தல் வரலாம். சாப்பிட்ட மறுநாளே சந்தோஷம் வந்துவிடாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் மருந்து ஒத்துக்கொள்ளாமற்போனால் வேறொன்று மாற்றவேண்டியிருக்கும். இளவயதினருக்குத் தொடக்க வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கண்காணிப்பு கொடுக்கவேண்டும்.

சுகமானதும் நிறுத்தலாமா? இதுதான் மிக முக்கியமான கேள்வி. காசநோய்க்காரர் 2 மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகுமென்று தாம்பரம் பக்கத்து ஜனங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 6 மாதம் முடிக்கவேண்டும். மனச்சோர்விலும் அப்படியே, மனம் தெளிந்த பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரவேண்டும். பின்பு மருத்துவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், நோயும் திரும்பும். திரும்பி வருகிற நோயோடு தற்கொலை எண்ணமும் திரும்பக்கூடும்.

ஆகவே சபைப் போதகர்களையும் ஜெபக்குழுத் தலைவர்களையும் இரு கரம் கூப்பிக் கேட்கிறேன். தலையில் கைவைத்து ஜெபியுங்கள், உருக்கமாக ஜெபியுங்கள். ஆனால் "இன்றோடு மாத்திரையைத் தூக்கி எறி" என்று மட்டும் சொல்லாதிருங்கள். சுத்தமான குஷ்டரோகியை ஆண்டவர் என்ன செய்யச் சொன்னார்? போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றார். அந்நாளில் சோதித்துப் பார்த்து, சுகமென்று அறிவிக்கும் பொறுப்பு ஆசாரியனுடையது. உங்கள் ஜெபத்தினால் ஒருவர் சுகம் பெற்றாரென்றால் ஸ்தோத்திரம்! அவரை மருத்துவரிடம் காண்பிக்க அனுப்புங்கள். உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது.

நோயாளிகளை ஜெப இடங்களில் கொண்டுவிட்டுப் போகிற வழக்கம் எல்லா மதத்தாரிடமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பியோட முடியாமல் இறந்தார்கள். "அது நம்முடைய இடமல்ல" என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. பின்னாட்களில் அந்த ஏர்வாடி தர்காவிலேயே துஆவும் மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. நம் ஜெபவீடுகளும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளட்டும்.

உங்களால் ஆகக்கூடியவை என்ன? சோர்ந்திருப்பவரிடம் "விசுவாசம் வை" என்று சொல்வதற்கு முன், "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். தனியாக மருத்துவரிடம் போகத் தயங்குகிறவருடன் கூடப்போங்கள். சாவைப்பற்றிப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். அதைப்பற்றி நேராகக் கேட்பதால் எண்ணம் வளராது, பாரம் குறையும். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. இரவும் பகலும் பேசலாம். இந்த எண்களை உங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

உங்கள் காணிக்கையைப்பற்றியும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் புறப்பட்டு வரவேண்டுமானால், பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகிறது. 2 மாதம் வருகிறார், மூன்றாம் மாதம் நின்றுவிடுகிறார். அந்த மூன்றாம் மாதத்தில்தான் உங்கள் காணிக்கை வேலை செய்கிறது: வராதவரின் வீட்டைத் தேடிப் போகும் பணியாளருக்கும், விட்டுப்போன மாத்திரைக்கும், வீட்டாருடன் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கும் அது உதவுகிறது. பெரிய கட்டடம்போல இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓர் உயிர் காக்கப்படுவது பல நேரங்களில் இங்கேதான்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாராவது இரகசியமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கே கடைசியாகச் சொல்கிறேன். நீங்கள் விசுவாசத்தில் குறைந்தவர் அல்ல. இன்றிரவு மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்வதுபோல அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி விழுங்குங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கவேண்டிய தேதியைத் தவறவிடாதீர்கள்.

சரீரத்தையும் மனதையும் உண்டாக்கின ஆண்டவர்தாமே உங்கள் யாவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.