பண்ணைக்குச் செல்லும் பிள்ளைகள்

பள்ளிப் பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கிணற்றுக்கும் மாட்டின் கொம்புக்கும் அஞ்சுவர். அது நியாயமே. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத ஆபத்தொன்றும் உண்டு, நேயர்களே. இங்கிலாந்தின் காட்ஸ்டோன் பண்ணையிலிருந்து 2009-இல் பரவிய ஈ.கோலை ஓ157 என்னும் கிருமியால் 93 பேர் நோயுற்றனர். பெரும்பாலோர் சிறு குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகமே பழுதுற்றது. இக்கிருமியைச் சுமக்கும் ஆடுமாடுகள் நோயின்றியே காணப்படும். சாணத்தில் வெளிப்படுவது உரோமத்திலும் வேலியிலும் ஒட்டி, ஆட்டுக்குட்டியைத் தடவிய விரல்வழியே வாயை அடைகிறது. சோப்பும் ஓடும் நீருமே இதற்குக் காப்பு. அழுக்குப் படிந்த கையில் சானிடைசர் அவற்றுக்கு ஈடாகாது. விரல் சூப்பும் பிள்ளை யாரென்பதை ஆசிரியர் அறிவார். அதன் கையை அவரே கழுவிவிடலாம். பண்ணையில் குழாய்கள் எத்தனை என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். 40 பிள்ளைகளுக்கு ஒரே குழாய் என்றால், வரிசையின் கடைசியில் நிற்பவன் கை கழுவாமலே சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவான்.