முழங்காலுக்குள் ஒரு சாரம்



நம் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் நாற்காலிகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. (நாற்காலியில் தொழுவது இயலாதோருக்கு மார்க்கம் தந்த சலுகை, எவரையும் ஏளனமாக நோக்க வேண்டாம்.) மூட்டு எலும்புகளின் முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் இல்லை. ஆகவே, அது சிதைந்தால் தோலைப்போல் தானாக ஆறுவதில்லை.

1987இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர மருத்துவர்கள், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் மூட்டில் வைத்தார்கள். பின்னர், செல்கள் பற்றி வளர்வதற்கு, கொத்தனார் கட்டும் சாரம்போல ஒரு மெல்லிய விரிப்பும் சேர்ந்தது. தென் கொரியாவில் 2012இல் அனுமதி பெற்ற சிகிச்சையோ, பிறரது தொப்புள்கொடி இரத்தத்தின் ஸ்டெம் செல்களை ஹயலூரோனேட் கூழில் கலந்து வைக்கிறது.

இங்கேதான் நிதானம் தேவை. 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த 'மேசி' சிகிச்சையின் விரிப்பு பன்றியின் கொலாஜனால் ஆனது. பொருளின் தன்மை முற்றாக மாறினால் அதன் சட்டமும் மாறும் என்பது ஹனஃபி மத்ஹபின் கருத்து; 'இஸ்திஹாலா' எனப்படும் இதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் இடம் மிகக் குறுகியது. கொலாஜன் அவ்வாறு மாறிவிட்டதா என்பதிலும் உலமாக்கள் ஒருமித்திலர். வேறு வழியற்ற நிர்ப்பந்தம் வேறு. விசாரிக்காமல் சம்மதிப்பது வேறு.

மேசி சிகிச்சை, குருத்தெலும்பில் ஓரிடத்தில் நேர்ந்த சிதைவுக்கானது. முதுமையில் மூட்டு முழுதும் தேய்ந்தவர்களுக்கு உரியதன்று. ஒரே ஊசியில் மூட்டு புதிதாகும் என்போரை நம்பி நகைகளை விற்றுவிடாதீர்கள்.

கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: விரிப்பு எதனால் ஆனது? செல்கள் யாருடையவை? விடையை எழுதி வாங்கி ஆலிம்களிடம் வாருங்கள். வெறுமனே "ஏதோ ஊசி" என்றால், நாங்கள்தாம் என்ன பதில் கூற இயலும்?