இஞ்சி சென்ற வழி



நம் உண்டிச்சாலைப் பட்டியல்களில் இஞ்சியைத் தள்ளிவிட்டுச் 'சிஞ்சர்' அமர்ந்துகொண்டது. அச்சொல் யாருடையதென்று இன்று பார்ப்போம்.

ஆங்கிலர்க்கு அது பிற்கால இலத்தீனத்தாலும் பழம்பிரெஞ்சாலும் வந்தது. இலத்தீனர்க்குக் கொடுத்தவர் கிரேக்கர். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் தியோசுகோரிதீசு 'சிங்கிபெரிசு' என எழுதினார். கிரேக்கர்க்கு வடநாட்டுப் பாகதம் தந்தது. பாலியில் அது 'சிங்கிவேர'.

இங்கேதான் பூசல். சமற்கிருதத்தில் 'சிருங்கவேர' என்றொரு வடிவமுண்டு. சிருங்கம் கொம்பு, வேரம் உடல். கொம்புபோன்ற உடலுடையது என்று பொருள்கூறி மூலம் தமதே என்றனர். வேரைக் கையில் பிடித்துக்கொண்டு அதை உடலென்று சொல்லவேண்டிய இடர்ப்பாடு அவர்க்கு! சொல்லின் பின்பகுதி நம் 'வேர்'. முன்பகுதி இஞ்சியின் பழைய வடிவம். முதற் சகரம் எங்கே போயிற்று என்பீர்கள். சிறகு இறகாயிற்று, சிப்பி இப்பியாயிற்று. சொன்முதற் சகரம் கெடுதல் தென்றிரவிட மொழிகளில் அறியப்பட்ட நெறி. அது கெடாத வடிவமே வடக்கே சென்றது. அங்கே கொம்பு பின்னர் முளைத்தது.

இஞ்சி வேரன்று, நிலத்தடித் தண்டு என்று நிலைத்திணை நூலார் மறுக்கலாம். மண்ணுட் கிடப்பதை வேரென்பது மக்கள் வழக்கு; ஆங்கிலரும் அதை இன்றும் வேரென்றே விற்கின்றனர்.

இது நம் விருப்பத்தாற் சொல்வதன்று. 1952-இல் ஆலன் ராசு இவ்வொரு சொல்லுக்கே தனிநூல் எழுதினார். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திரவிடச் சொற்பிறப்பு அகரமுதலி இஞ்சியைத் தன்பாற் கொண்டுள்ளது.

ஆயினும் ஒன்று. ஆங்கிலத்தில் 'சிஞ்சர்லி' என்றொரு சொல் உண்டு. பையப்பைய, பதமாக என்று பொருள். அதையும் இஞ்சியோடு முடிச்சிடும் ஆர்வலர் நம்மிடையே இருக்கக்கூடும். வேண்டா! அது வேறு பிரெஞ்சு வேரினது என்பதே அறிஞர் கருத்து. ஒலி ஒத்தவற்றையெல்லாம் உறவென்றால், மெய்யாகவே நமதானதையும் பிறர் நகைத்துத் தள்ளிவிடுவர். வழி காட்டமுடிந்ததை மட்டும் சொல்வோம். இஞ்சிக்கு வழி இருக்கிறது.

1807-இல் வில்லியம் ராசுகோ இட்ட அறிவியற்பெயர் 'சிங்கிபர் அபிசினேல்'. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் அப்பெயரின் 'பர்' நம் வேர்தான். நம் தெருமுனைக் கடையில் மட்டும் 'சிஞ்சர் டீ'.