அந்த உறையைப் பிரியுங்கள்!

பொங்கல் மேடையில் ஆஸ்பத்திரிக் கடனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதுமே நம்மவர்கள் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா கடன் பேச்சு எதுக்குங்க?" என்று கேட்டார்கள். நல்ல நாளில்தானே ஐயா நாம் ஒரே கூரைக்குக் கீழே வருகிறோம்! மற்ற நாளில் அவரவர் வீட்டில் அவரவர் கடிதத்தை ஒளித்துவைத்துக்கொண்டு கிடக்கிறோம். இந்த நியூ ஜெர்சியில், இந்த அரங்கத்தில், எத்தனை பேர் வீட்டில் கலெக்‌ஷன் ஏஜென்சிக்காரன் அனுப்பிய உறை பிரிக்காமல் கிடக்கிறது? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். பேரனைப் பார்க்க மகன் வீட்டுக்கு வந்தவருக்கு மூன்றாம் வாரமே நடுராத்திரியில் நெஞ்சுவலி. மகன் எமர்ஜென்சிக்கு ஓடினார். இரண்டு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு, மாரடைப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாவுக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுக்கிறோமே, அது "ஒரு நாளைக்கு இவ்வளவுதான்" என்று ஒரு சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மிச்சம் முப்பத்தெட்டாயிரம் டாலர்!

மகன் என்ன செய்தார்? நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். ஜன்னல் வைத்த அந்த உறையைச் சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினார். அடுத்தது வந்தது, அதையும் செருகினார். பிறகு வசூல்காரனின் போன். மகன் கூடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது அடுத்த அறையில் படுத்திருந்தவர் காதில் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் போனார், தோப்புக்கு விலை பேசினார். எந்தத் தோப்பு? 2018இல் கஜா புயல் வேரோடு சாய்த்துப் போட்டதே, அந்தத் தென்னந்தோப்பு. மறுபடி குழி வெட்டி, கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, இப்போதுதான் பாளை தள்ள ஆரம்பித்திருக்கிறது. அதை விற்று அமெரிக்க ஆஸ்பத்திரிக்குக் கட்டப் பார்த்தார் அந்த மனுஷன். மகனுக்குத் தலைகுனிவு வரக்கூடாதாம்!

இந்த இடத்தில்தான் நம் அக்கா வருகிறார். பெயரைச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. இந்த அரங்கத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார், தேடாதீர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அவர் அந்தத் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "பில் யார் பேர்ல இருக்கு?" அப்பா பேரில். "பணத்துக்கு நான் பொறுப்புன்னு நீ எங்கயாவது கையெழுத்துப் போட்டியா?" இல்லை அக்கா. "அப்புறம் உன்னை எதுக்கு மிரட்டுறான்? நீ எதுக்கு நடுங்குற?"

அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினார். இந்த நாட்டில் 1977இலேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வசூல்காரன் காலை எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடக்கூடாது, ராத்திரி ஒன்பதுக்குப் பின்னால் கூப்பிடக்கூடாது. உன் கடனைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லக்கூடாது. கட்டாவிட்டால் ஜெயில் என்று பயமுறுத்தக்கூடாது. எவ்வளவு கடன், யாருக்குக் கடன் என்று எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த முப்பது நாளுக்குள் "இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆதாரம் காட்டு" என்று நீ எழுதிவிட்டால், ஆதாரம் காட்டுகிற வரைக்கும் அவன் வசூலை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியாக வேண்டும்! வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். பெரியவரின் கையெழுத்தை ஊரிலிருந்து வரவழைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார் அக்கா.

ஆஸ்பத்திரியிடம் வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டார். ஒரே ரத்தப் பரிசோதனை, ஒரே தேதி, ஒரே மணி, இரண்டு தடவை போட்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அது லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி. வரிச்சலுகை அனுபவிக்கிற அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் வசதி இல்லாதவர்களுக்குக் கட்டண உதவித் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரைக்கும் விண்ணப்பிக்கலாம், கலெக்‌ஷனுக்குப் போன பிறகும் விண்ணப்பிக்கலாம். அன்றைக்கு ஏழு மாதம் ஓடியிருந்தது. பெரியவரின் பென்ஷன் புத்தகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, ரூபாயை டாலராக்கி, விண்ணப்பத்தோடு வைத்தார்கள். ஒரு தமிழ்நாட்டு வாத்தியாரின் பென்ஷனை டாலரில் பார்த்த பிறகு அந்த ஆஸ்பத்திரியே பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. மிச்சத்தை மகன் மாதாமாதம் கட்டுகிறார். தோப்பு தோப்பாகவே நிற்கிறது! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அந்த அக்காவுக்குக் கேட்கட்டும்!

இப்போது அந்த முகம் சுளித்தவர்களிடம் வருகிறேன். "கடன்காரனுக்கெல்லாம் மேடை போட்டால் சமுதாயத்தின் மானம் போகும்" என்று சொன்னார்களாம். என்ன மானம்? நெஞ்சுவலி வந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மானக்கேடா? நட்சத்திரக் கலைவிழாவுக்கு டிக்கெட் விற்கத் தெரிந்தவர்களே, பக்கத்து நாற்காலிக்காரன் வீட்டில் போன் அடித்தால் குழந்தை பயந்து ஒளிகிறதே, அது உங்கள் காதில் விழுந்ததா? இந்த நாட்டில் மருத்துவக் கடனோடு இருப்பவர்கள் பத்துக் கோடிப் பேர் என்று 2022இல் பத்திரிகைக்காரர்கள் தோண்டியெடுத்து எழுதினார்கள். பத்துக் கோடி! இத்தனை பேரும் ஊதாரிகளா? நம்முடைய கூச்சம்தான் ஐயா அந்த வசூல்காரனின் முதல். அதை அவனுக்கு எடுத்துக் கொடுக்கிறவர்கள் நம் மத்தியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்!

அவன் கையில் இருப்பது என்ன சரக்கு என்று தெரியுமா? சில கடனைக் கமிஷனுக்கு வசூலிக்கிறான். சிலதை விலைக்கே வாங்குகிறான். சாயங்காலம் மிஞ்சிய கத்தரிக்காயைக் கூறு கட்டித் தள்ளுவார்களே, அப்படித்தான் பழைய கடனைக் கூறு போட்டு விற்கிறார்கள். ஜான் ஆலிவர் என்ற தொலைக்காட்சிக்காரர் 2016இல் இதை நாடே பார்க்கச் செய்து காட்டினார். அறுபதாயிரம் டாலர் கொடுத்தார், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் மருத்துவக் கடன் கைக்கு வந்தது. ஒரு டாலர் கடனுக்கு அரை சென்ட்கூட இல்லை! அத்தனையையும் தள்ளுபடி செய்தார், சுமார் ஒன்பதாயிரம் பேர் பிழைத்தார்கள். அரை சென்ட் போட்டவன்தான் முழு டாலரையும் கேட்டு உங்களை உருட்டுகிறான்.

"இப்போதைக்கு ஐம்பது டாலராவது போடுங்க" என்று போனில் குழைவான். போடாதீர்கள். காலாவதியான பழைய கடனுக்குப் பல மாநிலங்களில் அந்த ஐம்பது டாலரே மறுபடி உயிர் கொடுத்துவிடும். கார்டு நம்பரைச் சொல்லவே சொல்லாதீர்கள். கிரெடிட் ஸ்கோர் போய்விடும் என்பான். ஐந்நூறு டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடனை 2023இலிருந்து இந்த நாட்டின் மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் காட்டுவதில்லை. கட்டி முடித்ததையும் காட்டுவதில்லை. அதற்கு மேலே உள்ளதையும் எடுத்துவிட வாஷிங்டனில் ஒரு விதி கொண்டுவந்தார்கள், 2025 ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் அது அடிபட்டுப் போனது. நம் மாநிலம் 2024இல் தனியாக ஒரு சட்டம் போட்டது, லூயிசா கார்மன் என்பவரின் பெயரில். மருத்துவக் கடனுக்கான வட்டியை மூன்று சதவீதத்துக்கு மேல் போக விடாமல் கட்டிவைத்திருக்கிறது. படியுங்கள், உங்களுக்காகப் போட்ட சட்டம்.

கட்ட வேண்டியதைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. நாம் கட்டுகிற ஜாதி. எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் காகிதம் சொல்லட்டும், அவன் சொல்ல வேண்டாம்.

செயலாளர் கையைக் காட்டுகிறார், முடித்துக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு நூலக அறையில் அக்கா மேசை போட்டு உட்காருவார், அவரோடு இரண்டு இளம் வழக்கறிஞர்களும் இருப்பார்கள். காசு கிடையாது, பேர் கேட்க மாட்டார்கள். உறைகளைக் காரில் வைத்திருக்கிறவர்கள் இப்போதே போய் எடுத்து வாருங்கள், வீட்டில் இருந்தால் அடுத்த ஞாயிறு இதே இடம். கடிதம் கைக்கு வந்து முப்பது நாள் ஆகாதவர்கள் மட்டும் வரிசையில் முன்னால் நில்லுங்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வழிவிடுங்கள்.