தகுதி எங்கே இருக்கிறது?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடஒதுக்கீடு என்று வாயைத் திறந்தாலே, 'அப்போ தகுதி, திறமை என்னாகிறது?' என்று கேட்கிறார்கள். தகுதி என்பது பிறக்கும்போதே மண்டைக்குள் வைத்துப் பூட்டிய சரக்கு, தேர்வு அதை அளந்து காட்டுகிறது என்பதுதான் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கருத்தியல். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் செய்த ஆய்வை 2004இல் உலக வங்கி வெளியிட்டது. உலக வங்கி ஒண்ணும் நமக்கு மாமன் மச்சான் இல்ல. அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

ஆதிக்க சாதிப் பையன்கள் 321 பேர், தலித் பையன்கள் 321 பேர். தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதையில் கோடு போட்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாத குழுக்களில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. வேறு சில குழுக்களில், புதிரைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பையனின் பேர், ஊர், அப்பா பேர், தாத்தா பேர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள். அங்கே நம்ம பிள்ளைகள் பெருமளவு பின்தங்கினார்கள்.

சாதியைச் சொன்னா மூளை சுருங்கிடுமா என்ன? இல்லை. ஏனென்றால், காசு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும் என்று சொன்ன குழுக்களில், சாதியை வாசித்த பிறகும் அந்த இடைவெளி காணாமல் போனது. மனுசன் கையில் இருந்த முடிவு சீட்டின் கைக்குப் போனதும் பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டார்கள். சாதி தெரிந்த இடத்தில் உழைப்புக்கு உரிய கூலி வராது என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வந்த முடிவு. இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லாதீர்கள். தலைமுறை தலைமுறையாக ஏமாந்தவர்கள் போடும் கணக்கு இது.

கணக்கு தப்பா? சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு குடும்பப் பெயர்களில் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. படிப்பும் அதே, தாளும் அதே. மாறியது பெயர் மட்டும்தான்.

ஆக, ஒரு தகவல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. முடிவெடுப்பவன் கையைத் தடுக்கிறது; தேர்வு எழுதுகிறவன் கையையும் தளர்த்துகிறது. பிறகு வருகிற மதிப்பெண்ணைக் காட்டி 'தகுதி' என்கிறார்கள்.

நம் பள்ளிக்கூடங்களையும் இந்தக் கண்ணால் பாருங்கள். 'ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பசங்க எந்திரிங்க' என்று வகுப்பு நடுவே கூப்பிடும் குரல் என்ன செய்கிறது? மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறு என்ன செய்கிறது? 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது.

அப்போ சாதியை மறைச்சுட்டா போதுமா? போதாது. மறைக்க வேண்டியவர்கள் நாமல்ல. தீர்மானிக்கிற நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார வேண்டும். ஏன் எடுத்தோம், ஏன் தள்ளினோம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும்.

நம் பிள்ளைகளைச் சரிசெய்ய முகாம் போடுவதை நிறுத்துங்கள், தோழர்களே. சரிசெய்ய வேண்டியது அவர்களை உட்கார வைத்திருக்கும் அறையைத்தான்.